வீட்டுக்கு ஒரு மலிவு வெல்டிங் மெஷின்: வாங்கலாமா, வேண்டாமா?

ஆன்லைனில் தேடினால் ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கே ‘200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்’ வந்து நிற்கிறது (இன்வெர்ட்டர் என்றால் இங்கே கரண்ட் போனால் ஓடும் பேட்டரி அல்ல, உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்த லேசான மெஷின்). கூடவே ஒரு கை ஷீல்டு, ஒரு வயர் பிரஷ், கொஞ்சம் ராடு (உருகி இரும்பை ஒட்டும், மருந்து பூசிய கம்பி) இலவசம். கேட்டில் விட்டுப்போன ஒரு கீலுக்காக வெல்டரைத் தேடி நாலு நாள் அலைந்தவருக்கு அதைப் பார்த்ததும் கை பரபரக்கும். பட்டறைக்காரர் சின்ன வேலைக்கு லேசில் வரமாட்டார். வந்தாலும் அரைநாள் கூலிக்குக் குறையாது. இந்தக் காசுக்கு மெஷினையே வாங்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றுவதில் தப்பில்லை.

சில வீடுகளுக்கு அந்தக் கணக்கு சரி, பல வீடுகளுக்குச் சரிவராது. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதை மெஷினின் விலையை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் ஒட்டப்போகும் இரும்பின் கனத்தையும், வீட்டுக்கு வரும் கரண்டையும் வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த இரண்டையும் பார்த்த பிறகு மெஷினுக்கு வருவோம். ஆளாளுக்கு மெஷினை வாங்கிவிட்டுத்தான் இந்த இரண்டையும் பார்க்கிறார்கள்.

படி 1: என்ன ஒட்டப்போகிறீர்கள்?

ஒரு தாளில், கடந்த இரண்டு வருடத்தில் வெல்டிங்குக்கு ஆள் கூப்பிட்ட வேலைகளையும், வரும் ஒரு வருடத்தில் நிச்சயம் செய்யப்போகிற வேலைகளையும் எழுதுங்கள். ‘இருந்தால் உதவும்’ ரகத்தை எழுத வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அது என்ன இரும்பு, எவ்வளவு கனம் என்று குறியுங்கள். கனம் தெரியாவிட்டால் இரும்புக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பட்டியலில் ஆங்கிள், பட்டை, ஜன்னலுக்குப் போடும் 10 மி.மீ. சதுரக் கம்பி, மாட்டுக்கொட்டகைக் கதவு, பந்தல் கால், மண்வெட்டிக் கழுத்து இவைதான் அதிகம் என்றால் நல்லது. 3 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள சாதா இரும்பு, மலிவு மெஷினுக்கும் புதுக் கைக்கும் தோதான சரக்கு. கொஞ்சம் சூடு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும்.

பாக்ஸ் பைப் (சதுரக் குழாய்) அதிகம் என்றால் நின்று யோசியுங்கள். கடையில் 14 கேஜ் என்றால் சுமார் 2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. செடி ஸ்டாண்டு, ஷூ ரேக், மேசைக்கால், மடக்குக் கட்டில் என்று வீட்டுக்காரர் ஆசைப்படுவதெல்லாம் பெரும்பாலும் 16, 18 கேஜில்தான். கடையில் சல்லிசாகக் கிடைப்பதும், தூக்க லேசாக இருப்பதும், ராடு வைத்ததும் பொத்துக்கொண்டு ஓட்டை விழுவதும் இதே பைப்தான். 16 கேஜை 2 மி.மீ. ராடு வைத்துச் சில வாரம் பழகினால் கைக்குள் கொண்டுவரலாம். 18 கேஜில் ராடு வெல்டிங் போடுவது, தினமும் அதே வேலையாக இருப்பவருக்கே எரிச்சல் தரும். ‘மெஷின் சரியில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்களில் எத்தனையோ பேர் 18 கேஜ் பைப்பில் ஆரம்பித்தவர்கள் என்பது என் அனுமானம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி, கேட் எல்லாம் ஆர்கான் வாயுவை ஊதி ஒட்டும் ஆர்கான் வெல்டிங். கனமான ஸ்டெயின்லெஸ் துண்டை 308எல் ராடு போட்டு இதே மெஷினில் ஒட்டலாம். மெல்லிய குழாயைப் பளபளப்பாக ஒட்ட முடியாது. அலுமினிய ஏணி, ஜன்னல் சட்டம் என்றால் இந்த மெஷினை மறந்துவிடுங்கள். அதற்கு ஏ.சி. கரண்ட் (மாறுமின்னோட்டம்) தரும் டிக் மெஷின், அதாவது ஆர்கான் வெல்டிங் மெஷின் வேண்டும், விலையே வேறு. பம்பு உடல், பழைய மாவு மில் பாகம் போன்ற வார்ப்பிரும்பு, சாதா ராடில் ஒட்டினால் ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே டப்பென்று விரிசல் விடும். நிக்கல் ராடு, சூடேற்றுவது, மெல்ல ஆறவிடுவது என்று அது தனிக் கலை.

இன்னொரு வகை வேலையை மெஷின் இருந்தாலும் தொடாதீர்கள். கூரையில் மாட்டும் ஊஞ்சல் கொக்கி, மாடிப்படி, பைக் பிரேம், டிராக்டர் இழுவைக் கொக்கி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு. 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஒரு டன். வெளியே அழகாகத் தெரியும் ஒட்டு உள்ளே பிடிக்காமல் இருப்பது, பழகும் காலத்தில் சர்வ சாதாரணம்.

இப்போது பட்டியலைப் பாருங்கள். தேறியது இரண்டு மூன்று வேலைதான் என்றால் வெல்டிங் மெஷின் வேண்டாம். நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டர் ஒன்று வாங்குங்கள். இது நான் சொன்னதல்ல. திருச்சி அருகே திருவெறும்பூர் பக்கம் கிரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் மெஷின் வாங்குவது பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது (டேக் என்பது துண்டுகள் நகராமலிருக்க முதலில் வைக்கும் பொட்டு ஒட்டு):

“தம்பி, அளவு எடுத்து, வெட்டி, துருவைத் தேய்ச்சு நீங்களே கொண்டாந்துட்டா, டேக் அடிச்சு ஓட்ட எனக்குப் பத்து நிமிசம். வெட்டுறதுக்குத்தான் ஆளும் நேரமும் போகுது. ஒட்டுறதுக்கு நான் என்னத்த வாங்கப்போறேன்?”

உண்மைதான். கூலியில் பெரும்பங்கு வந்துபோவதற்கும் அளந்து வெட்டுவதற்கும் போய்விடுகிறது. துண்டுகளை பைக்கில் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனால் செலவு பாதிக்கும் கீழே வரும். பக்கத்தில் பட்டறையே இல்லாத தோட்டம், ஊரிலிருந்து தள்ளியிருக்கும் பண்ணை, ஆடு மாடு கோழி வைத்து வாரத்துக்கு ஒன்று உடைகிற வீடு, அல்லது இரும்பு வேலையே பொழுதுபோக்காக ஆகப்போகிறவர் என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: வீட்டுக் கரண்ட் தாங்குமா?

இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

வீட்டு வேலைக்கு ஏற்ற ராடு 2.5 மி.மீ., கடை மொழியில் 12 கேஜ் ராடு. அதற்கு 80 ஆம்பியர் வைக்கிறோம். ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்சுடரின்) வோல்டேஜுக்கு ஒரு வாய்பாடு உண்டு. ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்ட வேண்டும். 80 ஆம்பியருக்கு 23.2 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,856 வாட். மலிவு இன்வெர்ட்டர் மெஷின் உள்ளே இழுப்பதில் 80 சதவீதத்தை வெளியே தருகிறது என்று வைத்தால், இழுப்பு 2,320 வாட். இந்த வகை மெஷின்களுக்குப் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் நிஜமாக வேலைக்குப் போகும் பங்கு, குறைவு. 0.7 என்று கொண்டால் சுமார் 3,300 வோல்ட்-ஆம்பியர். 230-ஆல் வகுத்தால் 14.4 ஆம்பியர்.

வீட்டில் கீசர், ஏ.சி.க்குப் போட்டிருக்கும் பெரிய சாக்கெட் 16 ஆம்பியர். ஆக, 2.5 மி.மீ. ராடு அதில் ஓடும், மிச்சம் கொஞ்சம்தான். சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் ஊர் என்றால் அதே வேலைக்கு 18 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எம்.சி.பி. (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும், அல்லது ஆர்க் நிற்காமல் அணைந்து அணைந்து போகும்.

அடுத்த அளவான 3.15 மி.மீ. ராடை 120 ஆம்பியரில் எரித்தால் இதே கணக்கில் 23 ஆம்பியர் வரும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் அதைத் தொடர்ந்து போடக்கூடாது. பெட்டியில் பெரிதாக அச்சடித்த 200 ஆம்பியரை உண்மையிலேயே எடுக்க வேண்டுமென்றால் 43 ஆம்பியர் இழுக்கும். அந்த மெஷினோடு வருவதோ 16 ஆம்பியர் பிளக், சிலதில் அதுவும் இல்லாமல் வெறும் ஒயர் முனை. மொத்தத்தில், வீட்டு சாக்கெட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது 80, 90 ஆம்பியர்தான். 160 மெஷினா, 200 மெஷினா, 250 மெஷினா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கணக்கு ஒத்துவந்தால் எலக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு டி.பி. பெட்டியிலிருந்து (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) தனி ஒயர் வருகிறதா, அது குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பா (ஏ.சி.க்குப் போட்ட 4 சதுர மி.மீ. என்றால் இன்னும் நல்லது), எர்த் நிஜமாகவே இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வேலை செய்கிறதா. மூன்றாவது ஓட்டையில் ஒயரே இல்லாத சாக்கெட்டுகள் பழைய வீடுகளில் ஏராளம். மின் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும் பாருங்கள். 1 கிலோவாட்டுக்கு வாங்கிய பழைய இணைப்பில் 2,300 வாட் மெஷினை ஓட்டுவது சரியல்ல. மின்பளுவைக் கூட்ட விண்ணப்பித்துவிடுங்கள்.

வீட்டு யு.பி.எஸ். லைனில் மெஷினைத் தப்பித்தவறியும் சொருகக் கூடாது. மொபைல் சார்ஜ் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஆகாது. வாசல் வரை இழுக்க வேண்டுமென்றால் 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் செம்பு கேபிளில் தனியாகச் செய்துகொள்ளுங்கள். அதில் 20 மீட்டருக்கு, 15 ஆம்பியர் ஓடும்போது நாலரை வோல்ட் அளவுக்குத்தான் இழப்பு. 1 சதுர மி.மீ. ஒயரில் 11 வோல்ட் போகும், ஒயரும் கொதிக்கும். கேபிளைச் சுருளாக வைத்தபடி ஓட்டாதீர்கள். முழுக்க விரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் சுருளின் நடுவில் சூடு தேங்கி உறை உருகும்.

தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இலவச விவசாய இணைப்பு பம்புசெட்டுக்குக் கொடுத்தது. அதில் வெல்டிங் போடுவது விதிமீறல். அதேபோல வீட்டு இணைப்பில் வெளியாள் வேலையை எடுத்துக் காசுக்குச் செய்ய ஆரம்பித்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு என்று கணக்கிட்டு வசூலிக்கலாம். உங்கள் கேட்டுக்கு நீங்கள் ஒட்டுவதில் பிரச்சினை இல்லை.

படி 3: எந்த வகை?

வீட்டுக்கு டி.சி. இன்வெர்ட்டர் ராடு மெஷின் போதும். இதில் எனக்கு ரெண்டு மனசு இல்லை. நாலைந்து கிலோ எடை, ஒரு கையில் தூக்கலாம், ராடு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வெட்டவெளியில் கொஞ்சம் காற்றடித்தாலும் வேலை ஓடும்.

பட்டறையில் கழித்துப்போட்ட பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் சிலநேரம் சல்லிசாக வரும். கெடவே கெடாது என்பார்கள், அது பெரும்பாலும் சரி. ஆனால் சுமை தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆன் செய்த நொடியில் வீட்டு எம்.சி.பி. தெறிக்கும், பாதிக்குமேல் இரண்டு பேஸில் ஓடுவதற்கு என்று செய்தவை. வீட்டுக்கு ஒத்துவராது.

கேஸ் இல்லாத மிக் மெஷினும் இப்போது மலிவாக வருகிறது. உள்ளே மருந்து அடைத்த கம்பி சுருளிலிருந்து தானாக வரும், துப்பாக்கியை அழுத்தினால் ஒட்டும். 16 கேஜ் பைப்தான் உங்கள் பட்டியலில் அதிகம் என்றால் இது ராடை விடச் சுலபம், ஒப்புக்கொள்கிறேன். தயக்கம் இரண்டு. மெஷின் விலையும் கம்பி விலையும் கூடுதல். சின்ன ஊரில் அந்தக் கம்பியே கிடைக்காது, ஆன்லைனில் வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். வாங்குவதானால் துருவத்தை (பிளஸ், மைனஸ்) மாற்றிப் போடும் வசதி உண்டா என்று பாருங்கள். இந்தக் கம்பிக்குத் துப்பாக்கி மைனஸில் இருக்க வேண்டும்.

படி 4: மொத்தச் செலவு

மெஷின் ஐந்தாயிரத்திலிருந்து எட்டாயிரம். அதோடு முடியாது. இலவசமாக வரும் பிளாஸ்டிக் கை ஷீல்டை ஓரமாக வைத்துவிட்டு, தானாகக் கறுக்கும் ஹெல்மெட் ஒன்று வாங்க வேண்டும், ஆயிரம் முதல் இரண்டாயிரம். கிரைண்டர் இல்லாதவருக்கு அது ஒரு இரண்டாயிரம், மூவாயிரம். தோல் கையுறை, கனத்த காட்டன் முழுக்கைச் சட்டை, சிப்பிங் சுத்தியல், மூலைமட்டம், காந்த மட்டம், இரண்டு சி கிளாம்ப், கட்டிங் வீல், ரெட் ஆக்சைடு, ராடு பாக்கெட். சாக்கெட் சரியில்லை என்றால் எலக்ட்ரீஷியன் கூலியும் ஒயரும். ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் முதல் பதினைந்தாயிரத்தில் வந்து நிற்கும்.

இந்தத் தொகையை உங்கள் ஊரில் வெல்டர் ஒருமுறை வந்துபோக வாங்கும் கூலியால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணிக்கையைப் பட்டியலோடு ஒப்பிட்டால் பதில் கண்முன் இருக்கும். காசுக் கணக்கில் தேறாவிட்டாலும் ஆசைக்கு வாங்குகிறேன் என்றால், அது தப்பே இல்லை. கிரிக்கெட் மட்டை வாங்குகிறவர் இந்தக் கணக்கெல்லாம் போடுவதில்லை.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மெஷினில் குறையுங்கள், ஹெல்மெட்டில் குறைக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 5: இடமும் பாதுகாப்பும்

ஆர்க் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ராத்திரி, சாப்பிட்டுப் படுத்தபின் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல், எரிச்சல், நிற்காத நீர். அல்ட்ரா வயலட் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கும். ஊரில் தாய்ப்பால் விடச் சொல்வார்கள், உருளைக்கிழங்கை வெட்டி வைக்கச் சொல்வார்கள். கண்ணுக்குள் எதையும் விடாமல், கசக்காமல், கண் மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். மரத்துப்போகும் சொட்டு மருந்தை மெடிக்கலில் கேட்டு வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் கருவிழியே கெடும்.

80 ஆம்பியர் வேலைக்கு ஷேடு 10 (ஷேடு என்பது கறுப்பின் அளவு) கண்ணாடி வேண்டும். ரோட்டோரம் சில வெல்டர்கள் கூலிங் கிளாஸோடும், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டும் போடுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹெல்மெட்டுக்கு உள்ளே இருக்கும் உங்களைவிட, நாலடி தள்ளி வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம். வெல்டிங் போடும் இடம் தெருவிலிருந்தோ பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்தோ தெரியாதபடி தகரமோ பழைய ஜமுக்காளமோ மறைப்பாக வேண்டும்.

பொறி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. சுற்றிலும் 35 அடி தூரத்துக்குப் பற்றக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்பது உலகெங்கும் பட்டறைகளில் சொல்லும் விதி. நம் வீடுகளில் அந்த 35 அடிக்குள்தான் பைக், வைக்கோல், கீற்றுக் கொட்டகை, காயப்போட்ட துணி, அட்டைப்பெட்டி எல்லாமே இருக்கும். வாளி நிறைய மணலும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடித்து அரைமணி நேரமாவது அந்த இடத்தைவிட்டுப் போகாதீர்கள். பெட்ரோல் டேங்க், பெயிண்ட் டின், கெமிக்கல் டிரம் ஆகியவற்றை எவ்வளவு கழுவியிருந்தாலும் ஒட்டாதீர்கள். உள்ளே மிஞ்சிய ஆவி போதும், வெடிக்க.

ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகரம் (துத்தநாகம் பூசிய இரும்பு) ஒட்டும்போது வெள்ளைப்புகை வரும். அது துத்தநாகம். மூச்சில் போனால் சில மணி நேரம் கழித்துக் குளிர்நடுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை. பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்பது பட்டறை நம்பிக்கை மட்டுமே. நுரையீரலுக்குப் போனதைப் பால் எடுக்காது. ஒட்டும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு, வெட்டவெளியில், காற்று பக்கவாட்டில் வரும்படி நின்று போடுங்கள்.

லுங்கி, ரப்பர் செருப்பு, பாலியெஸ்டர் சட்டை மூன்றும் கூடாது. மழை ஈரத்தில், வேர்வை சொட்டும் கையுறையோடு போடக்கூடாது. ஆர்க் இல்லாத நேரத்தில் ராடு முனையில் 60, 70 வோல்ட் நின்றுகொண்டுதான் இருக்கும். வண்டியில் எதையாவது ஒட்டுவதானால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

முதல் மாடி அபார்ட்மென்ட் பால்கனியில் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது. மேற்சொன்னதில் ஒன்றைக்கூட அங்கே செய்ய முடியாது.

படி 6: வாங்கும்முன் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்

தெரிந்த பட்டறைக்காரர் யாரிடமாவது மதியத்துக்குமேல், வேலை ஓய்ந்த நேரத்தில், ராடு காசைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கேளுங்கள். அநேகமாகச் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். ராடு ஒட்டிக்கொள்வது, பொறி சட்டைக்குள் விழுவது, குனிந்தே இருப்பதில் வரும் இடுப்புவலி, அந்தப் புகை இதெல்லாம் யூடியூப் வீடியோவில் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து இன்னும் போட வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கைவரவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம்.

படி 7: கடையில் என்ன பார்க்க வேண்டும்

முன்பக்க ஸ்டிக்கரைப் பார்க்காமல் மெஷினைத் திருப்பி, பின்னாலோ அடியிலோ இருக்கும் விவரத் தகட்டைப் படியுங்கள். தகடே இல்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள். டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் இருக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பியரில் ஓடலாம் என்பதன் கணக்கு அது. ‘120 ஆம்பியர், 60%’ என்றால் ஆறு நிமிடம் ஓட்டி நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். அதே மெஷின் 90 ஆம்பியர் சுமாரில் நிறுத்தாமலே ஓடும். நமக்குத் தேவை அதுதான். இந்தக் கணக்கு 40 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்து ஓட்டினால் மெஷின் சீக்கிரமே மஞ்சள் விளக்கைக் காட்டி நின்றுவிடும். நிழலில் வையுங்கள். வீட்டு வேலையில் ஒரு ராடு எரிய ஒரு நிமிடம், கசடை (ராடின் மேல்பூச்சு உருகி ஒட்டின் மேல் உறையும் ஓடு) தட்டிப் பிரஷ் போட்டு அடுத்த துண்டை வைக்க ஐந்து நிமிடம். அதனால் இதற்காக ரொம்பவும் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது கேபிளைப் பற்றி. மலிவு மெஷினில் விலையைக் குறைப்பதே அங்கேதான். ஒன்றரை மீட்டர் நீளம், தடித்த உறை, உள்ளே ஒல்லியான கம்பி. ஹோல்டர் (ராடைப் பிடிக்கும் கைப்பிடி) முனையில் ரப்பரைக் கொஞ்சம் விலக்கி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதோடு ஓட்டலாம், சூடாகும், நாளடைவில் முனையில் கருகும். மெஷின் நன்றாக இருந்தால் அதை வாங்கி, 16 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிளை மூன்று மீட்டர் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். ஹோல்டரும் எர்த் கிளிப்பும் (ஒட்டும் இரும்பில் மாட்டும் கவ்வி) கனமாக, ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டும். தகரத்தில் மடித்த கிளிப் என்றால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைக்காரரிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம் சீராக இருக்கிறதா, 2.5 மி.மீ. ராடு முழுசாக எரியும்வரை ஆர்க் அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஆம்பியர் திருகைத் திருப்பும்போது ஆர்க் மாறுகிறதா? டிஸ்ப்ளேயில் மட்டும் எண் ஓடி, ஆர்க் அப்படியே இருக்கும் மெஷின்களும் உண்டு. ஆன்லைனில் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் ஐந்நூறு ரூபாய் கூடினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கச் சொல்வேன். கூடவே ஒரு கேள்வி: “போர்டு போச்சுன்னா எங்க சர்வீஸ் பண்ணுவீங்க?” பதிலுக்குக் கடைக்காரர் ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் நல்லது. ‘கம்பெனிக்கு அனுப்பணும் சார்’ என்றால் விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். பில்லும் வாரண்டி சீட்டும் இல்லாமல் நகராதீர்கள்.

படி 8: முதல் சில நாட்கள்

ராடு வாங்கும்போது 6013 என்று கேளுங்கள். வீட்டு வேலைக்கு இதுவே போதும். 2.5 மி.மீ. ஒரு பாக்கெட். பயிற்சிக்கு இரும்புக்கடையில் 5 மி.மீ. பட்டைத் துண்டுகளை எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பைப் இப்போதைக்கு வேண்டாம். 75-க்கும் 90-க்கும் நடுவில் வைத்து ஆரம்பிக்கலாம். துருவும் பெயிண்டும் போகத் தேய்த்த வெள்ளை இரும்பில் எர்த் கிளிப்பை மாட்டுங்கள். பாதி ‘மெஷின் கோளாறு’ இந்தக் கிளிப்பில்தான் இருக்கும்.

ராடை நட்டமாகக் குத்தாமல், உரசி எடுத்து, ஆர்க் பிடித்ததும் ராடின் கனம் அளவுக்கே இடைவெளி வைத்து நகர்த்த வேண்டும். ஒட்டிக்கொண்டால் பதறாமல் மணிக்கட்டைத் திருகி விடுவியுங்கள். வரவில்லை என்றால் மெஷினை ஆஃப் செய்துவிட்டு எடுங்கள். பார்வை வெளிச்சத்தில் இருக்கக்கூடாது. அதற்குப் பின்னால் உருகி நிற்கும் குட்டையைப் பார்க்கப் பழக வேண்டும். சிவப்பாக ஓடுவது கசடு, அதற்குக் கீழே பளபளவென்று இருப்பது இரும்பு. இந்த இரண்டையும் கண் பிரித்துப் பார்க்கத் தொடங்கும் நாளில்தான் வெல்டிங் பிடிபடும்.

ஒட்டு பிடித்ததா என்பதை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பட்டையின் மேல் இன்னொன்றை நட்டமாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, ஆறியதும் வைஸில் பிடித்து, ஒட்டின் பக்கமாகவே மடங்கும்படி சுத்தியலால் அடியுங்கள். பட்டை வளைந்தும் ஒட்டு விடாமல் இருந்தாலோ, ஒட்டின் நடுவே கிழிந்தாலோ பரவாயில்லை. அடிப்பட்டையிலிருந்து தோல் உரிந்ததுபோல் சுத்தமாகக் கழன்று வந்தால் சூடு போதவில்லை. ஐந்து ஆம்பியர் கூட்டி மறுபடி போடுங்கள்.

பட்டையில் கை பழகிய பிறகு 16 கேஜ் பைப்புக்குப் போகலாம். 2 மி.மீ. ராடு, 50 ஆம்பியர் சுமார், ஹோல்டரை மைனஸில் மாட்டினால் துளைப்பு குறையும். நீளமாக இழுக்காமல் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒவ்வொன்றும் கறுத்த பின் அடுத்ததை வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ராடின் மேல்பூச்சு தண்ணீர் குடித்துவிடும். அப்புறம் ஆர்க் படபடவென்று சிதறும், ஒட்டில் பொடித்துளைகள் விழும். பாக்கெட்டைப் பிரித்ததும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். மெஷினை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினால் ஃபேன் துவாரம் வழியாகப் பல்லியும் கரப்பானும் குடியேறும். உள்ளே போர்டில் அவை ஒட்டிச் செத்தால் அடுத்தமுறை ஆன் செய்யும்போது ஐ.ஜி.பி.டி. (போர்டில் கரண்டைக் கையாளும் முக்கியப் பாகம்) புகையும். துணிப்பையில் கட்டி, கிரைண்டிங் தூசி படாத இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துக் கால்மணி நேரம் ஓடவிடுங்கள்.